பாதிக் கல்லூரியும் ஒரு பழைய கடலும்

2009 டிசம்பர் கடைசி வாரம். குன்னத்திலிருந்து செந்துறைப் பக்கம் போகிற சாலையில் எங்கள் கல்லூரிப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊர் நிறுத்தம் வந்தது. புளியமரம், அதனடியில் சாக்கு விரித்துக் காயப்போட்ட மக்காச்சோளம், டீக்கடை பெஞ்சில் இரண்டு பேர். பேருந்து நிற்கவில்லை. அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போன ஒரு வண்டிக்குள் நான் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். எங்கள் ஓட்டு வீட்டின் ஒரு முனை தெரிந்து மறைந்தது. மடியில் ஒரு சுத்தியல், கழுத்தில் கயிறு கோத்த லென்ஸ், பையில் நீர்த்த அமிலம் அடைத்த சிறு புட்டி. பக்கத்தில் இருந்தவள், "உங்க ஊருதானே, இறங்கலையாடி?" என்றாள். "நாளைக்குப் பாத்துக்கலாம்," என்றேன். தொண்டை அடைத்தது.

திருச்சியில் பி.எஸ்சி. நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன். ஆறு செமஸ்டரில் மூன்று முடிந்திருந்தன. கடைசிப் பரீட்சை எழுதிய இரவு விடுதி மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பெண்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். பாதி போய்விட்டது, இன்னும் பாதி. அந்தப் பாதிக்குள் என்ன கற்றோம் என்று ஒருத்தி கேட்டாள். கனிமங்களின் பெயர் தெரியும், படிக அமைப்பு தெரியும், எம்.எஸ். கிருஷ்ணன் 1943இல் எழுதிய இந்திய நிலவியல் புத்தகத்தின் பழைய பதிப்பு நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. நான் கேட்டு வாங்கிய பாடமில்லை இது. 2008இல் பிளஸ் டூ முடித்தபோது கணிதம்தான் கேட்டேன், கிடைக்கவில்லை. அரியலூரிலேயே அரசு கலைக் கல்லூரி இருக்க எதற்குத் திருச்சி என்று அம்மா கேட்டாள். "நிலவியல்னா பட்டா சிட்டா எழுதுற வேலையா?" என்று அப்பா கேட்டார். எனக்கும் அப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாதி வழியில் விட்டுவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போய்விடலாமா என்று அந்த மாடியில் நினைத்தேன். ஆடிய எண்ணத்தை நிறுத்தியது அடுத்த வாரம் போன ஃபீல்டுதான்.

நிலவியல் படிக்கிறவர்கள் ஃபீல்டு என்று சொன்னால் சுத்தியலோடு வெளியே போய்ப் பாறையைப் பார்ப்பது. நாட்டின் எந்த மூலையில் நிலவியல் படித்தாலும், கடலில் படிந்த பாறையையும் அதற்குள் இருக்கும் உயிர்களையும் பார்க்க வேண்டுமென்றால் அரியலூர் என்ற பெயர் வந்துவிடும். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடிய ஓஎன்ஜிசியின் நிலவியலாளர்களும் இங்கே வந்தார்கள். தஞ்சை, நாகைப் பக்கம் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் கிடக்கும் பாறைகளின் உறவுகள் எங்கள் பக்கம் மேலேயே வெயிலில் கிடக்கின்றன. சின்ன வயதில் டிசம்பர், ஜனவரியில் எங்கள் ஓடைகளில் தொப்பி போட்ட பையன்கள் கூட்டமாக நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கல் பொறுக்க வந்தவர்கள் என்போம். எதற்குப் பொறுக்குகிறார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. அவர்களும் எங்களிடம் வழி கேட்டார்கள், தண்ணீர் கேட்டார்கள், வேறெதுவும் பேசவில்லை.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சினாப்பள்ளி என்ற மூன்று பக்கங்களிலிருந்து கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தைகளையும் சேர்த்து லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை அறிஞர் ஒவ்வொன்றையும் பார்த்து, பெயரிட்டு, 1846இல் அறிக்கை எழுதினார். இவை டைனோசர்களின் கடைசிக் காலமான கிரிட்டேசியஸின் ஐரோப்பியப் பாறைகளில் கிடைப்பவற்றுக்கு உறவு என்பது அப்போதுதான் தெளிவானது. எங்கள் ஓடைக் கற்கள் லண்டனில் 'திருச்சினாப்பள்ளி' என்ற சீட்டோடு இருந்தன. எந்த ஊர், எந்த ஓடை என்பது அதில் இல்லை. இதை வகுப்பில் சொன்னபோது எங்கள் சார் கரும்பலகையில் பெரிதாக எழுதிப்போட்டது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது: இடம் எழுதாத ஃபாசில் வெறும் கல்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் என் மனதுக்கு நெருங்கியவர். ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. 1834இல் பிறந்தவர். கல்கத்தாவில் 1851இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர 1855இல் இந்தியா வந்தார். 1857இலிருந்து சில ஆண்டுகள் தென்னார்க்காடு, திருச்சினாப்பள்ளி மாவட்டங்களில் பாறைகளை வரைபடமாக்கினார். தொடங்கியபோது வயது இருபத்துமூன்று. வடக்கே சிப்பாய்களின் கலகம் நடந்த ஆண்டு அது. அந்த நேரத்தில் ஒரு வெள்ளைக்கார இளைஞர் ஊட்டத்தூர் ஓடையில் குனிந்து நத்தை தேடிக்கொண்டிருந்தார் என்று நினைத்துப் பார்க்கவே வியப்பாக இருக்கிறது. 1862இல் அவருடைய அறிக்கை வந்தது. எங்கள் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்து ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று பெயர் வைத்தார். பிளான்ஃபோர்டு பின்னாளில் மழைக்குப் போனார். 1875இல் இந்திய வானிலைத் துறை தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான். இமயமலையில் விழும் பனிக்கும் அடுத்து வரும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று கணக்கிட்டுப் பார்த்தவர். ஒரு படிப்பைத் தொடங்கியவன் அதிலேயே முடிய வேண்டியதில்லை என்பதை, பாதிக் கல்லூரியில் தடுமாறிக்கொண்டிருந்த எனக்கு முதலில் காட்டியது அவர் வாழ்க்கை.

கல்கத்தா போன அரியலூர்ச் சேகரிப்பைப் பிரித்து எழுதியவர்களில் பெரிய பெயர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாக்காரர். 1862இல், இருபத்துநான்கு வயதில் இந்தியா வந்தவர். தென்னிந்தியக் கிரிட்டேசியஸ் உயிர்களைப் பற்றி 1873 வரை அவர் எழுதி முடித்த தொகுதிகளின் படத்தட்டுகளை எங்கள் துறையில் ஒளிநகலாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வரியும், ஒவ்வொரு வளைவும் கையால் வரைந்தவை. மறு ஆண்டு, 1874இல், மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் இறந்துபோனார். கல்லறை லே நகரில் இருக்கிறது. முப்பத்தாறு வயது. அவருக்குப் பின் 1890களில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் ஜெர்மன் மொழியில் எழுதினார். எங்கள் செந்துறைக்குப் பக்கத்து நின்னியூரின் பெயர் ஒரு பாறைத் தொகுதிக்குப் போனது அவரால்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு விஷயம் பட்டது. 1991இல் நான் பிறந்தபோது எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது, அதில் சேர்ந்தோம். 2001 ஜனவரியில் அரியலூர் மாவட்டம் வந்தது. 2002 மார்ச் கடைசியில் அதைக் கலைத்து மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் அரியலூர் மாவட்டம். வீடு மாறாமலே என் சான்றிதழ்களில் இத்தனை மாவட்டம். பாறைகளுக்கோ 1862இல் வைத்த பெயர்தான் இன்றும். அதே நவம்பர் 23 எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு வேறொரு நாளும்கூட. 1956இல் அன்று விடிகாலையில், வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மூன்றாம் செமஸ்டர் பரீட்சை நடந்துகொண்டிருந்த அந்த நவம்பர் 23 இரவு அப்பா போனில் பேசும்போது, மாவட்டம் பிறந்த நாள் என்று சொல்லவில்லை. "பாலம் போன நாளு இன்னிக்கு," என்றுதான் சொன்னார். அவர் அப்போது பிறக்கவே இல்லை. அவருடைய அப்பா சொல்லிச் சொல்லி இவருக்கும் அது சொந்த நினைவாகிவிட்டது.

ஃபீல்டின் முதல் நாள் காரை. பெரம்பலூர் மாவட்டத்தில், ஆலத்தூர் வட்டத்தில். பேருந்து பெரம்பலூர்ப் பக்கம் வரும் வரை சாலையோரம் முழுக்கப் பழைய கெட்டிப் பாறை. கிணறு வெட்டினால் வெடி வைத்துத்தான் இறங்க வேண்டும். கிழக்கே கொஞ்ச தூரம் போனதும் நிலம் மாறியது. மஞ்சளும் பழுப்புமாகக் களிமண், மழை அரித்த பள்ளம் பள்ளமான வெளி, நடுவில் கண்ணாடித் துண்டுபோல் மின்னும் ஜிப்சம். புல்லும் அரிதாகத்தான் இருந்தது. சார் எங்களை ஒரு மேட்டில் நிறுத்தி மேற்கே கையைக் காட்டினார். "அது கரை." கிழக்கே காட்டினார். "இது கடல்." இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் ஒட்டியிருந்து பிரிந்தபோது கிழக்கு விளிம்பு கிழிந்து தாழ்ந்தது. அந்தத் தாழ்வுக்குள் கடல் ஏறி வந்தது. ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த கடல், முன்னேறியும் பின்வாங்கியும், ஆறு கோடிச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே கிடந்தது. பெரம்பலூர் நகரம் நிற்பது கரைப் பாறையில். அரியலூர் நகரம் நிற்பது கடல் படிவில். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் போய்வருகிற ஒவ்வொருவரும் ஒரு பழைய கடற்கரையைக் கடந்துதான் போகிறார்கள். இன்றைய கடலோ அரியலூரிலிருந்து கிழக்கே எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

காரைக் களிமண்ணில் பென்சில் முனைபோல, துப்பாக்கித் தோட்டாபோலச் சின்னச் சின்னக் கற்கள் கிடந்தன. பெலம்னைட் என்றார் சார். கணவாய்க்கு உறவான ஒரு கடல் உயிரின் உடம்புக்குள் இருந்த கூர். என் கையில் இருந்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உறவுக்காரர் வீட்டுக்கு இந்தப் பக்கம் வந்தபோது இதே தோட்டாக் கற்களை வைத்துத்தான் ஐந்தாம் வகுப்பு விடுமுறையில் சண்டை போட்டு விளையாடினோம். அன்று அதைப் பொட்டலம் கட்டித் தேதி எழுதி, இடம் எழுதி, எண் போட்டேன். கை நடுங்கியது நினைவிருக்கிறது.

அதே பக்கத்துச் சாத்தனூரில் எல்லோரையும்போல நாங்களும் கல்மரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். 18 மீட்டர் நீளம். ஆற்று வெள்ளம் அடித்துக் கடலுக்குள் தள்ளிய ஒரு மரம், சேற்றில் புதைந்து, மரத்தின் திசுக்களில் சிலிக்கா ஏறி, மரத்தின் வடிவத்திலேயே கல்லானது. பூக்கும் தாவரங்கள் உலகில் பரவுவதற்கு முந்திய ஊசியிலை வகை. இதை 1940இல் வெளியுலகுக்குச் சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன். எந்தப் புத்தகத்தின் அலமாரி மட்டும் எனக்குத் தெரிந்திருந்ததோ அந்தப் புத்தகத்தை எழுதியவர். தஞ்சை மண்ணின் மகாராஜபுரத்துக்காரர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு 1951இல் முதல் இந்தியத் தலைவரானார். கே, பிளான்ஃபோர்டு, ஸ்டோலிச்கா, கோஸ்மாட் என்று நூறு வருடம் வந்த பெயர்களுக்குப் பிறகு ஒரு தமிழ்ப் பெயரைக் கேட்டதும் எங்கள் வகுப்பில் ஒருவன் கை தட்டினான். யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் சேர்ந்து தட்டினோம்.

மூன்றாம் நாள்தான் கல்லங்குறிச்சி. அரியலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னால் கலியுக வரதராஜப் பெருமாள்தான் நினைவுக்கு வருவார். அங்கே மூலவருக்குச் சிலை கிடையாது, கம்பம்தான் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமை நாங்கள் கம்பு, சோளம் மூட்டை கட்டிக்கொண்டு போவோம். உலக நிலவியலாளர்களுக்கு அதே பெயர் ஒரு சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுக்கு முன் ஆழமில்லாத கடலில் கிரிஃபியா என்ற சிப்பி படுகை படுகையாக வாழ்ந்து செத்துக் குவிந்தது. கைப்பிடி அளவிலிருந்து உள்ளங்கை நிறைய வரும், கனமாக, வளைந்து, ஒரு பக்கம் குழிந்து. அந்தச் சிப்பி அடுக்குகள்தான் எங்கள் மாவட்டத்தின் சிமெண்டு. பக்கத்துத் திருச்சி மாவட்டத்து டால்மியாபுரத்தில் 1939இலேயே ஆலை வந்தது. எங்கள் பக்கம் 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை, பிறகு தனியார் ஆலைகள் ஒவ்வொன்றாக. அதற்கு முந்தி சுண்ணாம்புக் காளவாய்களில் வேகவைத்து வீடு பூசினார்கள், வெற்றிலைக்குத் தடவினார்கள். தமிழ்நாட்டில் கடந்த நாற்பது ஆண்டில் எழும்பிய வீடுகள் எத்தனையோவற்றின் சுவரில் எங்கள் பழைய கடலின் சிப்பி இருக்கிறது. என் அப்பா டிப்பர் ஓட்டியது அந்த ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் மைன்ஸில்தான். என் கல்லூரிக் கட்டணம் அந்தச் சிப்பியிலிருந்து வந்தது என்று சுத்தியலோடு அந்தப் பாறை முன் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் மாவட்ட வரலாறு என்றால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன், கங்கை நீர், கோயில். அதில் எங்களுக்குப் பெருமை உண்டு, இன்றும் உண்டு. ஆனால் 1836இல் கீழணை கட்டியபோது அந்தக் கோயிலின் சுற்றுமதில் கல்லைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்பதை ஒரு ஆசிரியரும் சொல்லவில்லை. அந்தக் கோயில் எழுவதற்குப் பல கோடி ஆண்டு முன்பு அங்கே மீன் நீந்தியது என்பதையும் சொல்லவில்லை. குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த ஆசிரியர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய புத்தகங்கள் லண்டனிலும் கல்கத்தாவிலும் வியன்னாவிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் இருந்தன.

அன்று சாயங்காலம் சார் பேருந்தை எங்கள் ஊர் நிறுத்தத்தில் நிறுத்தச் சொன்னார். இருபத்திரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா பக்கத்து வீட்டில் டம்ளர் கடன் வாங்கி டீ போட்டாள். அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையையும் "எந்த ஊரு சாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாருக்கு மோர் கொடுக்கலாம் என்று அம்மா பானையைத் திறக்கப் போனபோது பானை மூடிமேல் இருந்த கல்லை எடுத்துக் கீழே வைத்தாள். நான் பிறந்ததிலிருந்து அந்தக் கல் அங்கேதான் இருந்தது. பூனை மூடியைத் தள்ளாமல் இருக்க வைக்கும் கனம். சார் டம்ளரை வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தார். ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினார். நான் லென்ஸில் பார்த்தேன். காலையில் நோட்டில் வரைந்த அதே கிரிஃபியா. அதே வளைவு, அதே வளர்ச்சிக் கோடுகள்.

"அப்பாயி, இது எங்க கெடச்சுது?"

"நான் பொறந்த ஊட்டுக் கல்லு. கல்லங்குறிச்சிக்குக் கெழக்க எங்க அப்பனுக்கு ஒரு துண்டுக் காடு இருந்துச்சு. ஏர் ஓட்டுறப்ப வந்துச்சு. கல்யாணத்துக்கு அம்மிக்கல்லோட இதையும் தூக்கியாந்தேன். கிளிஞ்சக் கல்லு."

கிளிஞ்சல் என்று அவளாகவே சொன்னாள். ஃபோர்ப்ஸ் எழுதியதும் ஸ்டோலிச்கா எழுதியதும் அதுதான், சிப்பி என்று. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண், கடலைப் பார்த்தே இராதவள், கல்லைத் தொட்டுப் பார்த்து அது ஓடு என்று கண்டுபிடித்திருந்தாள்.

"கடலே இல்லாத ஊர்ல கிளிஞ்சல் எப்படி வந்துச்சுன்னு நீ கேட்டதில்லையா?"

"கேட்டா யாரு சாமி சொல்லப் போறா?"

சார் புட்டியை எடுத்து, அப்பாயியிடம் அனுமதி கேட்டு, ஒரு சொட்டு அமிலம் விட்டார். கல் சீறி நுரைத்தது. அப்பாயி பின்வாங்கி, பிறகு குனிந்து பார்த்து, "சுண்ணாம்பு மாதிரி கொதிக்குது," என்றாள். சுண்ணாம்புதான் அப்பாயி, என்றேன். பிறகு திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தமிழில், கரை எங்கே, கடல் எங்கே, இந்தச் சிப்பி எப்படி வாழ்ந்தது, சேறு எப்படி மூடியது என்று சொன்னேன். பாதியில் வார்த்தை கிடைக்கவில்லை. மூன்று செமஸ்டரும் ஆங்கிலத்தில் படித்திருந்தேன். படிவு, படுகை, பருவம் என்று தடுமாறித் தேடினேன். வகுப்பின் மற்ற இருபத்தோரு பேரும் முற்றத்தில் நின்று கேட்டார்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் எண்ணம் அன்று இரவே போய்விட்டது.

மறுநாள் கள்ளமேடு. அங்கே ஆற்று வண்டலில் டைனோசர் எலும்பு உண்டு. 1929இல் மாட்லி என்ற ஆங்கிலேயர் அதைப் பற்றி எழுதினார். 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் அங்கே கிடைத்த பிரம்மாண்டமான எலும்புகளுக்குப் பிருஹத்காயோசாரஸ் மாட்லியி என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புப் பல்லி என்று பொருள். கால் எலும்பு ஒன்றே இரண்டு மீட்டர். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று ஒரு சாரார் சொல்ல, எலும்பா கல்மரமா என்றே ஒரு சாரார் சந்தேகப்பட்டார்கள். எலும்பையே பார்த்து அதைத் தீர்க்க இனி வழியில்லை. எடுத்த எலும்பு ஈரத்தில் நொறுங்கித் தூளாகிவிட்டது. மிஞ்சியவை வரைபடமும் சில புகைப்படங்களும்தான். இதைச் சொன்னபோது சார் குரல் தாழ்ந்தது. நாங்கள் போன அந்த ஆண்டில்தான் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பக்கத்தில் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாகப் பத்திரிகைகளில் பெரிதாக வந்திருந்தது. டீக்கடையில் நிறுத்தியபோது எல்லோரும் எங்களிடம் அதைத்தான் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் ஃபீல்டு வந்த பிள்ளைகளிடம் தண்ணீரும் வழியும் தவிர வேறொன்று கேட்டதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

நின்னியூரில் முடித்தோம். அங்கே சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட் என்ற சுருண்ட ஓட்டுக் கடலுயிர் ஒன்றுகூட இல்லை. ஆறு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு அவையும் அழிந்தன. அவற்றுக்கு உறவான நாட்டிலஸ் மட்டும் இருக்கிறது, இன்றைக்கும் பசிபிக் கடலில் உயிரோடு நீந்துகிறது. கள்ளமேட்டுக்கும் நின்னியூருக்கும் நடுவில் எங்கோ உலகம் ஒரு தடவை முடிந்து மறுபடி தொடங்கியிருக்கிறது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்.

மிச்ச மூன்று செமஸ்டரும் வேகமாகப் போயின. இப்போது என் வேலை நிலத்தடி நீர்ப் பக்கம். பெரம்பலூர்ப் பக்கம் போர் போட இடம் பார்க்கப் போனால் பாறையின் விரிசலைத் தேடுகிறேன். அரியலூர்ப் பக்கம் போனால் மணல் படுகையைத் தேடுகிறேன். சில நேரம் போர் வண்டி மேலே தள்ளும் சேற்றில் ஓட்டுத் துண்டு வரும். நிலத்துக்காரரை அழைத்துக் காட்டுகிறேன். தமிழில் சொல்ல வார்த்தை இப்போது தடுமாறுவதில்லை. 2020 அக்டோபரில் குன்னத்தில் குளம் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிளம்பி, டைனோசர் முட்டை என்று தமிழ்நாடு முழுக்கச் செய்தி ஓடியது. அவை அம்மோனைட் படிவங்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முட்டை இல்லையா என்று ஏமாந்த சித்தப்பாவிடம், சாளக்கிராமம் என்று பெருமாள் கோயிலில் வைக்கிறோமே, கண்டகி ஆற்றில் கிடைக்கிறதே, அதே சாதி உயிர்தான் இது என்றேன். அவர் மறுநாள் குளித்துவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

2009 டிசம்பரில் நாங்கள் நாடா பிடித்து அளந்த ஓடைச் சரிவு ஒன்று இன்று இல்லை. சுரங்கக் குழி அதைத் தாண்டிப் போய்விட்டது. அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. என் நோட்டில் அந்தச் சரிவின் ஆறு அடுக்கும், ஒவ்வொன்றின் கனமும், எங்கே சிப்பி, எங்கே மணல் என்ற குறிப்பும் பென்சிலில் இருக்கிறது. அந்த நோட்டை மழைக்காலத்தில் இரண்டு பாலித்தீன் உறைக்குள் வைக்கிறேன்.

அப்பாயி 2014இல் போனாள். பானை உடைந்துவிட்டது, கல் என்னிடம் வந்தது. வீட்டு அலமாரியில் வைத்து ஒரு அட்டை எழுதினேன். கிரிஃபியா, கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. இடம் என்ற வரிசையில் எழுதத் தெரியாமல் ஊருக்குப் போய், அப்பாயி பிறந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரு கிழவரைக் கண்டுபிடித்து, அந்தத் துண்டுக் காட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். வெள்ளாத்தாக் காடு, என்றார். பெருமாள் கோயிலுக்குக் கிழக்கே, வேப்பமரத்துக் கிணற்றுக்கு வடக்கே. அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.